வெளி ஏணி

சஃபோக், இங்கிலாந்து
அக்டோபர் 6, 2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீ, மைமூன் மைனி, பிள்ளைகள், உம்மா, உம்மாவின் முழங்கால், எல்லாம் எப்படி?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் போன் எப்போதும் பிள்ளைகள் கையில். நான் எதை அனுப்பினாலும் சத்தமாக வாசிக்கிறார்கள். பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய். ஒரே அறையில் ஆறு பேர் கேட்கும்போது யாரும் உண்மை சொல்வதில்லை. நானும்தான். தமிழில் எழுதினால் அந்த வீட்டில் உனக்கும் உம்மாவுக்கும் மட்டும்தான் படிக்கத் தெரியும். உன் பட்டறைப் பக்கம் வைத்துப் படி.

நான் அளந்து வரைய வந்திருக்கும் பண்ணைவீட்டுக்கு ஐந்நூறு வயது. எந்தச் சுவர் எப்போது வந்தது, எந்தக் கதவு எப்போது மூடப்பட்டது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. ஒரு ஆணி அடிப்பதற்கும் அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய வீடு.

முதலில் அது ஒரே கூடம். தரையின் நடுவில் நெருப்பு. புகைபோக்கி கிடையாது. புகை கூரைக்குள் சுற்றி, கிடைத்த இடுக்கு வழியாகப் போனது. எசமானன், அவன் மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள், எல்லோரும் அந்தப் புகைக்குக் கீழே. நூறு வருடம் கழித்து ஒருவன் செங்கலில் புகைபோக்கி எழுப்பினான். கூடத்தின் குறுக்கே உத்தரம் போட்டு மாடி அமைத்தான். அதன் பிறகுதான் அந்த வீட்டில் மேலே, கீழே என்று இரண்டு சொற்கள்.

நேற்று கூரைக்குள் ஏறினேன். கைமரங்களில் இன்னும் கரி. விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

வாப்பா நம் வீட்டுக்கு மாடி போட்ட நாள் நினைவு வந்தது. நீ இரும்பு கர்டரைத் தாங்கிக்கொண்டு நின்றாய். நான் கீழே நின்று, விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று செய். நம் வீட்டை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. எது எங்கே என்று. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கே எல்லாமே கோணல்தான்.

உம்மாவிடம் துஆ கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
சாயிமா


தாராவி
நவம்பர் 3, 2024

அன்புத் தங்கை சாயிமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கு அனைவரும் நலம். உம்மாவும் நலம். குளிருக்குக் கம்பளி வாங்கினாயா என்று கேட்கிறாள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புகை போக வழியில்லாத வீட்டைப் பார்க்க நீ விமானம் ஏறியிருக்க வேண்டாம்.

இங்கே எல்லோர் வாயிலும் சர்வே. வீட்டுக்கு வீடு எண் எழுதிக்கொண்டு வருகிறார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டும்போது எண் இருக்கிறவனுக்கு வீடு. மாடிக்கு ஏணி உள்ளே இருந்தால் மேலும் கீழும் ஒரே வீடு, ஒரே எண். ஏணி வெளியே சந்தில் இருந்தால் மேலே தனி வீடு, தனி எண். இது சட்டமா, டீக்கடையில் பிறந்த பேச்சா, தெரியாது. ஆனால் சந்தில் பாதி ஏணிகள் வெளியே வந்துவிட்டன. நடக்க வழியில்லை. வெல்டிங் பூலோகம் அண்ணனுக்குச் சாப்பிட நேரமில்லை. என்னைப் பார்த்தால் விடுவதில்லை.

“ஏ தாஹிரு, ஒனக்கும் ஒன்னு போட்டுருவமா? ஒரு ஏணி, ரெண்டு வீடு. இப்படி ஒரு யாவாரம் ஒன் தோல் பையில உண்டுமா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். நீ விட்டுப்போன பச்சைச் சுடிதார் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

படம் பிறகு வரைகிறேன். வேலை அதிகம்.

வஸ்ஸலாம்.
தாஹிர்


சஃபோக்
நவம்பர் 24, 2024

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். நலம். கம்பளி வாங்கிவிட்டேன் என்று சொல்.

பச்சைச் சுடிதார் தகரப் பெட்டியில், அடியில். எதற்கு?

இந்த வீட்டு மாடியின் வடக்குச் சுவரில் ஒரு கதவு. திறந்தால் காற்று. கீழே புல். வீட்டுக்கார அம்மா ஹில்டா அதைத் திறப்பதே இல்லை. பூனை ஒருமுறை விழுந்ததாம். “அது எங்கேயும் போகாத கதவு” என்கிறாள்.

எங்கேயும் போகாத கதவை யாரும் வைக்கமாட்டார்கள். வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். வாசற்படிக்குக் கீழே உத்தரத்தில் இரண்டு துளைகள். ஏணி பொருந்தியிருந்த துளைகள். பண்ணை வேலையாட்கள் வெளியிலிருந்து அதில் ஏறிப் படுக்கப் போவார்கள். அந்த அறைக்கும் மற்ற அறைகளுக்கும் இடையில் கதவு கிடையாது. சுவர். அவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள், வீட்டுக்குள் இருக்கவில்லை.

அதற்கும் முன்னால் உள்ளேயே ஓர் ஏணி இருந்திருக்கிறது. மாடித் தளத்தில் நான்கு பலகைகள் மட்டும் குட்டை. ஏணி வந்த ஓட்டையை அடைத்த பலகைகள். அடைத்தவன் நன்றாகத்தான் அடைத்திருக்கிறான். ஆனாலும் தெரிகிறது. ஏணியை எடுக்கலாம், அது இருந்த இடத்தை எடுக்க முடியாது.

பூலோகம் அண்ணனிடம் என்ன சொன்னாய்? உம்மாவின் முழங்காலுக்கு நம் உள் ஏணியே செங்குத்து. நீ எழுதவில்லை.

படம் எங்கே?

சாயிமா


தாராவி
டிசம்பர் 22, 2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். அனைவரும் நலம். நீயும் அவ்வாறே என நம்புகிறேன்.

படம் இத்துடன். சிரிக்காதே. முன்பாதி பட்டறை, இரண்டு தையல் மிஷின், பசை டின், தோல் கட்டு. பின்பாதி சமையல், எங்கள் படுக்கை. கடப்பா கல் போட்ட மேடை, பக்கத்தில் புதிதாகப் பாத்திர அலமாரி. மைமூன் ரொம்ப நாளாகக் கேட்டது. மேலே உம்மா. மேலே ஒன்றும் மாறவில்லை, அதனால் வரையவில்லை.

உம்மா நலமாக இருக்கிறாள். ஆனால் தினமும் துணி துவைக்கிறாள். குழாயில் தண்ணீர் வருவதே காலையில் கொஞ்ச நேரம். மைமூனுக்கும் அவளுக்கும் இதே பேச்சு.

“மாமி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கி எத்தன துணிதான் அழுக்காகும்?”

“ஒன் வீட்டுத் தண்ணியையா கேக்கேன்? முனிசிபாலிட்டி தண்ணி.”

“அந்த முனிசிபாலிட்டி வந்து தூக்கிக் குடுக்குமா? என் தோளுல்ல எறங்குது.”

“கயிறு எதுக்கு இருக்கு? வாளியில கட்டு, நான் இழுத்துக்கிடுதேன்.”

கயிறு கட்டித்தான் இழுக்கிறாள். சந்தில் போகிறவர்கள் தலையில் சொட்டுகிறது.

உன் ஹில்டாவின் பூனைக்கு என் ஸலாம்.

தாஹிர்


சஃபோக்
ஜனவரி 12, 2025

காக்கா,

ஸலாம். எல்லோரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

பாத்திர அலமாரி வரைந்திருக்கும் மூலையில்தான் ஏணி இருந்தது. முதல் படியில் என் பல் உடைந்தது. படத்தில் ஏணி இல்லை.

வாளியை எதற்குக் கயிற்றில் இழுக்க வேண்டும்? உள்ளே வழி இருந்தால் படியில் வைத்து ஏற்றியிருக்கலாம். சந்தில் போகிறவர் தலையில் ஏன் சொட்ட வேண்டும்?

ஐந்நூறு வருடத்து வீட்டில் எடுத்த ஏணி எனக்குத் தெரிகிறது. என் வீட்டில் தெரியாதா?

உம்மா எப்படிக் கீழே இறங்குகிறாள்? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

சாயிமா


சஃபோக்
பிப்ரவரி 9, 2025

காக்கா,

ஸலாம். நலமா? பதில் இல்லை.

வியாழக்கிழமை உம்மாவின் போனுக்குப் பேசினேன். “எனக்கென்ன, மவாராணி மாதிரி மேல இருக்கேன்” என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. உம்மாவுக்குப் பின்னால் எப்போதும் உன் மிஷின் சத்தம் கேட்கும். அன்று இல்லை. காகம் மட்டும். ஓட்டையை எதைப் போட்டு அடைத்தாய்?

இங்கே இரண்டு வாரமாக மழை. சுவரில் ஒரு பகுதி ஈரத்தில் உப்பியது. சுண்ணாம்பை மெல்ல நீக்கினோம். உள்ளே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் மாட்டு மயிரும் குழைத்து அப்பியிருக்கிறார்கள். அப்பியவனின் விரல்கள் அப்படியே பதிந்து கிடக்கின்றன. என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன். பெரிய கை.

மத்தியானம் முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. அளந்ததையே மறுபடி அளந்தேன். வேறு எண் வந்தது.

எழுது.

சாயிமா


தாராவி
பிப்ரவரி 23, 2025

சாயிமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

ஆமாம். ஏணியை மாற்றினேன். உன் முதல் கடிதம் வருவதற்கு முந்தின வாரமே. பூலோகம் அண்ணன்தான் போட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று உனக்கு எழுதியபோது அதில் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டையில் பிளைவுட் அடித்து மேலே பழைய பாயைப் போட்டிருக்கிறேன். நீ அங்கே உட்கார்ந்து வீட்டைப் படிக்கிறாய். நாங்கள் இதற்குள் இருக்கிறோம்.

எனக்கு இரண்டாவது வீடு வேண்டும் என்று நினைக்கிறாய். மேல் வீடு உனக்கு. உம்மா சொன்னாள். “அவளுக்குன்னு இந்த ஊர்ல ஒரு செவுரு வேண்டாமா? நாளைக்கி வந்தா எங்க நிப்பா?” சரி என்றேன். உன்னிடம் சொல்லக் கூடாது, சொன்னால் வேண்டாம் என்பாய் என்றாள்.

போன வாரம் சர்வே ஆட்கள் வந்தார்கள். இரண்டு பையன்கள், கழுத்தில் அட்டை. நான் அவர்களோடு மேலே ஏறினேன். “இங்கே யார் இருப்பது?” என்று கேட்டார்கள். உம்மா தன் அரைகுறை இந்தியில், மகளும் நானும் என்றாள். மகள் எங்கே? வேலைக்குப் போயிருக்கிறாள், ஷாம் கோ வருவாள். இங்கிலாந்திலிருந்து சாயங்காலம்! அந்தப் பையன் கொடியைப் பார்த்தான். கொடியில் உன் மஞ்சள் சுடிதார், உன் துப்பட்டா, உன் நைட்டி, ஈரம் சொட்டிக்கொண்டு. பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கே புரிந்தது, இத்தனை நாள் என்ன துவைத்தாள் என்று. மைமூனிடம் சொன்னேன். மறுநாள் வாளியைத் தானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பெருநாளுக்கு முன் மறுபடி வருவார்கள். உன் பெயரில் பதிய நீ நேரில் இருக்க வேண்டும். ஒரு நாள் போதும். மேல் வாசலில் நின்று, நான்தான் இங்கே இருக்கிறேன் என்று சொன்னால் போதும்.

நீ கேட்டதற்குப் பதில்: உம்மா இறங்குவதில்லை. சாப்பாடு மேலே போகிறது. நவம்பரிலிருந்து.

வருவாயா?

தாஹிர்


சஃபோக்
மார்ச் 9, 2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே பகல் இன்னும் குட்டைதான். நோன்பு திறக்கும் நேரத்தில் ஹில்டா தானும் சாப்பிடாமல் காத்திருந்து பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறாள். நலம்.

டிக்கெட் பார்த்தேன்.

வடக்குக் கதவுக்கு மறுபடி ஏணி வைக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வரலாற்றில் இருந்ததுதானே, வைத்தால் பார்க்க வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்றார்கள். ஏறி வர ஆள் இல்லாத ஏணி எதற்கு என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னேன் என்பது எனக்குக் கேட்டது.

அந்த அறையின் சுவரில், படுத்தால் கை எட்டும் உயரத்தில், யாரோ ஒரு பறவையைக் கீறியிருக்கிறார்கள். நகத்தாலோ ஆணியாலோ. வெளி ஏணியில் ஏறி வந்து படுத்த யாரோ. கீழே வீட்டுக்காரர்கள் பேசுவது தளத்தின் வழியாகக் கேட்டிருக்கும். எல்லாம் கேட்டிருக்கும். பதில் சொல்ல முடிந்திருக்காது.

காக்கா, ஏணியை உள்ளே வை. அலமாரியை நகர்த்து. பிளைவுட்டை எடு. ஓட்டையைச் சுற்றி வாப்பா போட்ட இரும்பு அப்படியே இருக்கும், அதை நீ வெட்டியிருக்கமாட்டாய். உம்மா கீழே வரட்டும்.

என் பெயரில் எதுவும் எழுத வேண்டாம்.

ஏப்ரலில் இந்த வீடு முடிகிறது. நார்ஃபோக்கில் இன்னொரு பண்ணைவீடு இருக்கிறது, அதையும் என்னையே பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இதைவிடப் பெரியது. முடிய நாளாகும்.

மைமூன் மைனிக்கு ஸலாம். உம்மாவுக்கு

சாயிமா


தாராவி
ஏப்ரல் 4, 2025

அன்புத் தங்கைக்கு,

வஅலைக்கும் ஸலாம். பெருநாள் நல்லபடியாகப் போனது. நீ பேசியபோது பிள்ளைகள் போனைத் தரவே இல்லை. நல்லதுதான்.

உன் கடிதத்தில் “உம்மாவுக்கு” என்று எழுதிவிட்டு அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

பெருநாளுக்கு நான்கு நாள் முன்பு பூலோகம் அண்ணன் வந்து ஏணியை அறுத்தார். மேல் வீட்டுக்காரர்களுக்குத் தாராவியில் இடம் இல்லையாம், எங்கேயோ தூரத்தில் கொடுப்பார்களாம் என்று இப்போது ஒரு பேச்சு. வெளியே போன ஏணிகள் எல்லாம் உள்ளே வருகின்றன. அவருக்குப் போனாலும் வேலை, வந்தாலும் வேலை.

“ஒந் தங்கச்சி அங்க இருந்தே சொல்லிட்டாளாக்கும், எது பழைய கர்டர், எது நாம வச்ச ஒட்டுன்னு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நல்லதாப் போச்சு. அவ இங்க இருந்தா என் பொழப்புல மண்ணு.”

வாப்பா போட்ட இரும்பு அப்படியே இருந்தது. நான் வெட்டவில்லை. வெட்டத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

சர்வே ஆட்கள் வந்தார்கள். மேலும் கீழும் ஒரே எண் எழுதினார்கள். மகள் எங்கே என்று அந்தப் பையன் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் உம்மா, “ஊருக்குப் போயிட்டா” என்றாள். எந்த ஊர் என்று அவன் கேட்கவில்லை.

ஏணி உள்ளே வந்து எட்டு நாள் ஆகிறது. உம்மா இறங்கவில்லை.

வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், சாயிமா. சுவரில் இருந்த பறவையைப் பற்றி எழுதினாய்.

கோபம் இல்லை. நார்ஃபோக் குளிரா?

தாஹிர்


தாராவி
ஏப்ரல் 18, 2025

மகள் சாயிமாவுக்கு உம்மா அக்தர் பானு எழுதுவது. அல்லாஹ் உன்னை நோய் நொடி இல்லாமல் வைப்பானாக. நான் எழுதிப் பல வருடம் ஆகிறது. எழுத்து கோணல். உன் வீடுகளைப் போல என்று வைத்துக்கொள்.

உன் கடிதங்களை எல்லாம் படித்துவிட்டேன். உன் காக்கா பசை டின்னுக்கு அடியில் வைக்கிறான். ஜும்ஆத் தொழுகைக்கு அவன் போனதும், மைமூன் மார்க்கெட் போனதும், நான் இறங்கி வந்து படித்துவிட்டு ஏறிவிடுவேன். வெளி ஏணியில் பின்பக்கமாக இறங்கினால் முழங்கால் அவ்வளவு வலிக்காது. இறங்க முடியாமல் உம்மா மேலே கிடக்கிறாள் என்று நீங்கள் இரண்டு பேரும் எழுதி எழுதிச் சண்டை போட்டீர்கள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு.

முடியாமல் இல்லை மகளே. நான் இறங்கிவிட்டால் மேல் வீட்டில் ஆள் இல்லை என்று ஆகிவிடும். சர்வே ஆட்கள் எந்த நேரத்தில் வருவார்களோ.

அந்த வீட்டுக் கூரையில் இன்னும் கரி இருக்கிறது என்று எழுதினாய். அங்கே ஆள் இருந்தது அதில் தெரிகிறது. எனக்கு அது பிடித்தது. ஆனால் இங்கே மாடியில் அடுப்பு வைத்தால் மைமூன் சத்தம் போடுவாள். அதனால் துணி. வேலைக்குப் போகிற பிள்ளை திங்கட்கிழமை என்ன உடுத்தும், செவ்வாய் என்ன உடுத்தும் என்று யோசித்து நனைப்பேன். ஞாயிற்றுக்கிழமை நைட்டி மட்டும். லீவு இல்லையா.

நீ வரமாட்டேன் என்று எழுதவில்லை. நானும் வா என்று எழுதவில்லை. சரியாகப் போயிற்று.

நேற்று உள் ஏணியில் இறங்கினேன். மைமூன் தேநீர் போட்டுக் கொடுத்தாள். “இனிமே துணி கொறையும்லா மாமி” என்றாள். அவள் கேட்ட விதத்தில் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை என்று தெரிந்தது. “கொறையும்” என்றேன். இரண்டு பேரும் தேநீரைக் குடித்தோம்.

நோன்பில் பிஸ்கட் தந்த அந்த அம்மாவுக்கு என் ஸலாமைச் சொல். கதவைச் சாத்தி வைக்கச் சொல், பூனை விழாமல்.

வஸ்ஸலாம்.
உன் உம்மா

மஞ்சளை மைமூனின் மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டேன். பச்சையை நான் வைத்திருக்கிறேன். அது இனி உடுத்த உதவாது. ஒரு நாள்கூட யாரும் உடுத்தவில்லை, ஆனாலும் நன்றாக வெளுத்துவிட்டது.